எங்கள் வட்டாரப் பாதுகாப்பை எந்தக் கணக்கால் அளப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு நலன்புரிச் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிறேன். அதற்கு முன் முப்பது வருடம் ஒரு கப்பல் முகவர் கம்பனியில் கணக்கு எழுதியவன். அந்தப் பழக்கம் விடவில்லை. கூட்டத்தில் யாராவது பொலிஸைப் பற்றியோ தீயணைப்பைப் பற்றியோ "நல்லா செய்றாங்க" என்றாலும், "ஒண்ணுமே செய்றதில்ல" என்றாலும், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டுவிடுவேன். அப்புறம் கேள்விகளெல்லாம் என் பக்கம் திரும்பும். மட்டக்குளி, ஜிந்துப்பிட்டி, வெள்ளவத்தை என எங்கே போனாலும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, கீழே பதிலையும் வைத்திருக்கிறேன்.

"அளவுகோல் அளவுகோல் எண்டு சொல்லுறீங்கள். வருஷ முடிவில அறிக்கையில போடுற நம்பர்தானே அது?"

அறிக்கையில் வரும் நம்பர் எல்லாம் அளவுகோல் ஆகாது. "இந்த வருடம் 40 விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினோம்" என்பது செய்த வேலையின் கணக்கு. "இரண்டு வண்டி வாங்கினோம்" என்பது செலவின் கணக்கு. காஸ் கசிந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேருக்கு இப்போது தெரியும்? தீ பக்கத்து வீட்டுக்குப் பரவுமுன் எத்தனை தடவை அணைக்கப்பட்டது? நமக்கு வேண்டியது இந்தக் கணக்கு.

ஒரு நம்பரைப் பார்த்தால் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது கூடினாலோ குறைந்தாலோ யாராவது நாளைக்கு வேறு மாதிரி ஏதாவது செய்வார்களா? 40 கூட்டம் 60 ஆனால் இருபது தடவை கூடுதலாகத் தேநீர் கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் "அழைப்பு வந்தும் முகவரி விளங்காமல் தாமதமானவை 12" என்றால் ஒழுங்கைகளுக்குப் பெயர்ப்பலகை போட வேண்டும் என்று யாருக்கும் விளங்கும்.

"இதெல்லாம் ஆர் பொறுப்பு? மாநகர சபையா, அரசாங்கமா?"

கலந்துதான் இருக்கிறது. கொழும்பு நகருக்குள் தீயணைப்புப் படை மாநகர சபையுடையது, இலக்கம் 110. நுளம்பு, உணவுக் கடைச் சுத்தம், கான், குப்பை ஆகியவையும் சபையின் கீழ்தான்; வீடு வீடாக வரும் பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், சபையின் சுகாதாரத் திணைக்களத்தைச் சேர்ந்தவர். பொலிஸ் (119) மத்திய அரசின் கீழ் வருகிறது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம் பற்றிச் சொன்னாலும் அது நடைமுறைக்கு வரவில்லை. 1990 அம்புலன்ஸ், வெள்ளம் வந்தால் 117இல் கிடைக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையம், இவையும் மத்திய அரசின் பக்கம்.

இதை ஏன் தெரிந்திருக்க வேண்டும் என்றால், சபை உறுப்பினரைப் பிடித்து "களவு ஏன் குறையவில்லை?" என்று கேட்பதில் பயனில்லை. "தெருவிளக்கு பழுதென்று சொல்லி எத்தனை நாளில் எரிந்தது?" என்று கேட்டால் அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஒருவருடைய கையில் இருப்பதை வைத்துத்தான் அவரை அளக்கலாம்.

"ஃபயர் பிரிகேட் எத்தன நிமிஷத்துல வந்துச்சுன்னு பார்த்தா போதாதா?"

பார்க்கலாம். ஆனால் எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை? நாம் 110 அடித்த நேரம், அங்கே எடுத்த நேரம், வண்டி புறப்பட்ட நேரம், பிரதான வீதியில் வந்து நின்ற நேரம், தீயின் மேல் தண்ணீர் விழுந்த நேரம் என்று ஐந்து நேரங்கள் இருக்கின்றன. அறிக்கையில் பெரும்பாலும் புறப்பட்டதிலிருந்து வந்து நின்றது வரைதான் இருக்கும். எரிகிற வீட்டுக்காரருக்கோ முதலாவதும் ஐந்தாவதும்தான் கணக்கு. ஆமர் வீதியில் வண்டி வந்து நின்ற பிறகு, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்க முடியாத முடுக்குக்குள் குழாயை இழுத்துக்கொண்டு போக வேண்டும். அந்த நேரத்தை எழுதும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லையென்றால், அந்தத் தாமதம் நடக்கவே இல்லை என்றுதான் ஏடு சொல்லும்.

நேரத்தைப் பிரித்து எழுதுவதில் இன்னொரு நன்மை, யார் திருத்த வேண்டும் என்பதும் பிரிந்து வரும். முகவரி விளங்கவில்லையென்றால் அழைப்பை எடுப்பவரின் மொழியும் நம் பெயர்ப்பலகையும். வீதி நெரிசலென்றால் போக்குவரத்துப் பொலிஸ். முடுக்கு வாசலில் ஓட்டோ என்றால் நாம். குழாயில் தண்ணீர் வேகம் இல்லையென்றால் நீர் வழங்கல் சபை. மொத்தமாக "18 நிமிடம்" என்று மட்டும் எழுதினால் நான்கு பேரும் மற்றவரைக் கை காட்டுவார்கள்.

"அப்ப சராசரி பார்க்கக் கூடாதா? எல்லா இடத்திலயும் சராசரிதானே சொல்றாங்க?"

லண்டன் தீயணைப்புப் படைகூட முதல் வண்டி சராசரியாக 6 நிமிடத்துக்குள், இரண்டாவது 8 நிமிடத்துக்குள் என்றுதான் இலக்கு வைத்திருக்கிறது. ஆனால் அதோடு நிற்கவில்லை. பத்தில் ஒன்பது தடவை முதல் வண்டி 10 நிமிடத்துக்குள் வர வேண்டும் என்றும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். காரணம் எளிது. பத்து அழைப்பில் எட்டுக்கு 5 நிமிடத்தில் வந்து, இரண்டுக்கு 30 நிமிடத்தில் வந்தால் சராசரி 10 நிமிடம். அந்த 10 நிமிடம் யாருக்குமே கிடைக்கவில்லை. அந்த இரண்டும் எந்த ஒழுங்கைகள் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரே ஒழுங்கைகள்தான் திரும்பத் திரும்ப வரும்.

லண்டனின் 6 நிமிடத்தை அப்படியே தூக்கி இங்கே வைக்கச் சொல்லவில்லை. நம் வீதி வேறு, நிலையங்கள் இருக்கும் தூரம் வேறு. நம்முடைய போன வருடக் கணக்கோடு நம்மை ஒப்பிட்டால் போதும்.

"எங்க ஏரியாவுல களவு குறைஞ்சிருக்குன்னு பொலிஸ் சொல்றாங்க. அப்ப நல்லாத்தானே வேலை செய்றாங்க?"

இருக்கலாம். களவு குறைந்திருக்கலாம், அல்லது என்ட்ரி (பொலிஸ் ஏட்டில் முறைப்பாடு) போடப் போனவர்கள் குறைந்திருக்கலாம். இரண்டுக்கும் ஏட்டில் ஒரே நம்பர்தான் வரும்.

எனக்கே நடந்தது. பஸ் தரிப்பிடத்தில் மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் என் போனைப் பறித்துக்கொண்டு போனார்கள். ஒரு பொலிஸ் நிலையத்தில் (எது என்பது இங்கே தேவையில்லை) முறைப்பாடு எழுதினேன். வீட்டுக்கு வந்து பிரதியைச் சிங்களம் தெரிந்த மருமகனிடம் வாசிக்கக் கொடுத்தால், "போன் தொலைந்தது" என்றிருக்கிறது. பறித்ததற்கும் தொலைந்ததற்கும் ஒரு சொல்தான் வித்தியாசம். ஆனால் அந்த ஒரு சொல்லால் ஒரு குற்றம் குற்றக் கணக்கிலிருந்தே போய்விட்டது. எழுதியவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. "தொலைந்தது" என்று எழுதினால் காப்புறுதிக்கும் சிம் எடுக்கவும் போதும், அவருக்கும் விசாரணை மிச்சம். ஆளாளுக்கு அப்படி நடந்தால் வருட முடிவில் "களவு குறைந்தது" என்று ஒரு வரி வரும்.

ஆகவே களவு எண்ணிக்கையைத் தனியே பார்க்காதீர்கள். "தொலைந்தது" என்ற என்ட்ரிகள் அதே காலத்தில் கூடினவா என்று சேர்த்துக் கேளுங்கள். முறைப்பாடு செய்தவர்களில் எத்தனை பேருக்கு, கேட்காமலே, என்ன ஆயிற்று என்று திரும்பச் சொன்னார்கள் என்பதையும் கேளுங்கள். என்னைக் கேட்டால் அந்தக் கடைசி நம்பர்தான் ஒரு நிலையத்தைப் பற்றி அதிகம் சொல்லும்.

"அப்போ முறைப்பாடு கூடினா நல்லது எண்டு சொல்ல வாறீங்களோ?"

சில விஷயங்களில் அப்படித்தான். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்து இத்தனை வருடமாகியும், "குடும்பப் பிரச்சினை, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பி வைப்பது நின்றுவிடவில்லை. தமிழ் பேசும் ஒரு பெண் உத்தியோகத்தர் வந்த வருடம் இந்த முறைப்பாடுகள் இரட்டிப்பானால், நான் முதலில் அந்த உத்தியோகத்தரைத்தான் பாராட்டுவேன். அடி கூடியிருக்காது, சொல்லும் துணிவு கூடியிருக்கும். இரண்டு மூன்று வருடம் கழித்து, அதே பெண்கள் திரும்பத் திரும்ப வருவது குறைகிறதா என்று பார்க்க வேண்டும்.

களவு, வாகன விபத்து போன்றவற்றில் இப்படிச் சொல்ல முடியாது. எந்த நம்பர் எந்தத் திசையில் போனால் நல்லது என்பதைக் கணக்கு எடுக்கத் தொடங்கும்போதே எழுதி வைத்துவிடுங்கள். பிறகு எழுதினால், எந்தத் திசையில் போனாலும் அதற்கு ஏற்ற காரணம் கிடைத்துவிடும்.

"பொலிஸ் ஜீப் ராவுல ரெண்டு தரம் வந்தா போதும், களவு நிக்கும். அதையே கணக்கு எடுங்களேன்?"

அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் 1972-73இல் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 15 பகுதிகளை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கில் சும்மா சுற்றும் ரோந்தை நிறுத்தினார்கள், ஒரு பங்கில் வழக்கம் போல விட்டார்கள், இன்னொன்றில் இரண்டு மூன்று மடங்காக்கினார்கள். குற்றத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மக்களின் பயத்திலும் இல்லை. ரோந்து மாறியது பலருக்குத் தெரியவே இல்லை.

பிரச்சினை நடக்கும் குறிப்பிட்ட மூலையில், குறிப்பிட்ட நேரத்தில் நின்றால் பலன் இருக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே "எத்தனை தரம்" என்பதைவிட "எங்கே, எத்தனை மணிக்கு" என்று கேளுங்கள்.

"டெங்குக்கு வந்து எத்தன வீடு பாத்தாங்க, எத்தன பேருக்கு வழக்குப் போட்டாங்கன்னு சொல்றாங்களே, அது சரியான கணக்கா?"

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் நகரத்தில் ஆளைக் கொல்லும் விஷயம் இது. 2017இல் நாடு முழுவதும் 1,86,101 பேருக்கு டெங்கு பதிவானது, மேல் மாகாணம்தான் முன்னால் நின்றது. பார்த்த வீடுகள் என்பது, முதல் பதிலில் சொன்ன மாதிரி, செய்த வேலையின் கணக்கு. வழக்கு எண்ணிக்கை அதைவிட மோசம். வழக்கைக் கூட்டுவதுதான் வேலை என்றானால், பத்து வீட்டில் சிரட்டையைக் கவிழ்க்கச் சொல்லித் திருத்துவதைவிட ஒரு வீட்டில் எழுதிக்கொண்டு போவது சுலபம். சனமும் பி.எச்.ஐ. வந்தால் கதவைப் பூட்டப் பழகிவிடும்.

குடம்பி (நுளம்பின் புழு) இருக்கும் வீடுகள் நூற்றுக்கு எத்தனை என்று ஒரு கணக்கும், குடம்பி இருக்கும் பாத்திரங்கள் நூறு வீட்டுக்கு எத்தனை என்று இன்னொரு கணக்கும் எடுப்பார்கள். இரண்டையும் கேட்டு வாங்குங்கள். நூறு வீட்டில் நான்கில்தான் குடம்பி என்றால் நிலைமை பரவாயில்லை போலத் தெரியும். அந்த நான்கு வீட்டிலும் சேர்த்து இருபது பாத்திரம் என்றால் கதை வேறு. மூன்றாவதாக ஒரு நம்பரும் வேண்டும்: எத்தனை வீடு பூட்டியிருந்தது? வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் நிறைய. பூட்டிய வீட்டுப் பின்புறத் தொட்டியை யாரும் எண்ணுவதில்லை. பாதியில் நிற்கும் கட்டடங்களும் அப்படித்தான்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த அளவுகோல் வேறு. ஆஸ்பத்திரியில் டெங்கு என்று சந்தேகப்பட்டால், நோயாளி வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவித்தல் போக வேண்டும், அங்கிருந்து பி.எச்.ஐ. அந்த வீட்டுக்கு வர வேண்டும். நோயாளியைக் கடித்த நுளம்பு அடுத்தவருக்குப் பரப்பத் தயாராக ஏறக்குறைய 8 முதல் 12 நாள் எடுக்கும். அதற்குள் வந்தால் சங்கிலியை அறுக்கலாம். மூன்று வாரம் கழித்து வந்து படிவம் நிரப்பினால் அது கடிதப் போக்குவரத்து மட்டுமே. ஆகவே கேட்க வேண்டியது: நோயாளிக்குக் காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்த நாள் வரை எத்தனை நாள்?

ஒப்பிடும்போது போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள், போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். மழை விட்டதும் குறைவது யாருடைய சாதனையும் இல்லை.

"எங்க வட்டாரத்துல போன வருஷம் ஒரு வீடுதான் எரிஞ்சது. இந்த வருஷம் மூணு. மூணு மடங்கு கூடிட்டுதே!"

ஒன்று மூன்றாவதும் மூன்று ஒன்றாவதும் தற்செயலாகவே நடக்கும். இவ்வளவு சின்ன எண்ணிக்கைக்குச் சதவீதம் போடாதீர்கள். ஐந்து வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள், அல்லது பக்கத்து வட்டாரங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

ஆனால் சின்ன எண்ணிக்கையைத் தூக்கி எறியவும் வேண்டாம். 2021 கடைசியில் காஸ் அடுப்புகள் வெடிக்கத் தொடங்கியபோது ஒவ்வொரு ஊருக்கும் அது ஒரு தனி விபத்து. எல்லாவற்றையும் ஓரிடத்தில் அடுக்கிப் பார்த்த பிறகுதான் சிலிண்டருக்குள் இருந்த வாயுக் கலவை பற்றிய கேள்வி பெரிதாக எழுந்தது. மூன்று வீடும் ஏன் எரிந்தன என்று எழுதி வையுங்கள். மூன்றிலும் ஒரே காரணமென்றால், அங்கே சதவீதமே தேவையில்லை.

"டார்கெட் வச்சா அவங்க கணக்கையே மாத்திட மாட்டாங்களா?"

மாற்றுவார்கள். நாமும் மாற்றுவோம். பிரித்தானியப் பொருளியலாளர் சார்ள்ஸ் குட்ஹார்ட் 1975இல் பணக் கொள்கை பற்றிச் சொன்னது இங்கும் பொருந்தும்: ஒரு புள்ளிவிவரத்தைப் பிடித்து அழுத்தத் தொடங்கினால் அது பழையபடி உண்மை பேசாது. இங்கிலாந்தில் உயிராபத்தான அழைப்புகளில் 75 சதவீதத்துக்கு அம்புலன்ஸ் 8 நிமிடத்துக்குள் போக வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். பிறகு பதிவுகளைப் பார்த்தால், சில சேவைகளில் 8 நிமிடத்துக்குச் சற்று முன் ஏராளம் அழைப்புகள், சற்றுப் பின் மிகக் குறைவு. வீதி நெரிசல் அப்படிக் கடிகாரம் பார்த்து நடக்காது.

முழுதாகத் தடுக்க வழியில்லை, குறைக்கலாம். ஒவ்வொரு நம்பருக்கும் அதை இழுத்துப் பிடிக்கும் ஒரு சோடி நம்பர் வையுங்கள் (களவும் "தொலைந்தது" என்ட்ரியும் சோடி, பார்த்த வீடும் பூட்டிய வீடும் சோடி). அந்த நம்பரை எழுதாத ஒருவர் சிலதைச் சரிபார்க்கட்டும்: இருபது முறைப்பாட்டாளரைப் போனில் கேட்டாலே நிறையத் தெரியும். பதவி உயர்வை ஒரே நம்பரில் தொங்கவிட வேண்டாம்.

"மொத்தம் எத்தன அளவுகோல் வேணும்?"

ஒரு சேவைக்கு நான்கைந்து. அதற்கு மேல் போனால் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

"நகரம் முழுக்க நல்லா இருக்கெண்டு சொல்லுறாங்கள். எங்களுக்கு அப்படித் தெரியேல்லையே?"

சராசரி பற்றிய பதிலில் சொன்னதுதான் இங்கும் நடக்கிறது, இந்த முறை ஆட்களை வைத்து. மொத்தக் கணக்கை வட்டாரம் வட்டாரமாகவும், மொழி வாரியாகவும் பிரித்துக் கேட்க வேண்டும். தமிழ் அரச கரும மொழி என்று 1987இன் 13ஆவது திருத்தம் சொல்கிறது. அதை அளப்பது கடினமே இல்லை. தமிழில் சொன்ன வாக்குமூலங்களில் எத்தனை தமிழில் எழுதப்பட்டன? வாசிக்கத் தெரியாத மொழியில் எத்தனை பேர் கையெழுத்து வைத்தார்கள்? தமிழில் பேசியவரின் அவசர அழைப்பை முடிக்க எவ்வளவு நேரம் கூடுதலாகப் போனது? என் போன் "தொலைந்த" கதையும் இந்தக் கணக்கில்தான் வரும்.

"இந்தக் கணக்கெல்லாம் அவங்க தருவாங்களா? கேட்டா கோவிப்பாங்களே!"

கோபிப்பவரும் உண்டு, கதிரை போட்டு உட்கார வைத்து விளக்குபவரும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுத்தில் கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழு.

ஒரு தந்திரம். "உங்கள் செயற்றிறன் எப்படி?" என்று கேட்டால் இரண்டு பக்கப் பாராட்டு வரும். அவர்களிடம் ஏற்கனவே இருக்கும் ஏட்டைக் கேளுங்கள்: இன்ன மாதத்தில் இன்ன வட்டாரத்துக்கு வந்த அழைப்புகள், அழைத்த நேரம், வந்த நேரம். பெயர்கள் வேண்டாம் என்றும் சேர்த்து எழுதிவிட்டால் மறுக்கக் காரணம் குறையும்.

"நடக்காத ஒண்ண எப்படி அளக்கிறது? நல்லா தடுத்தா நம்பரே வராதே?"

இதுதான் எனக்கு வந்த கேள்விகளில் கடினமானது. கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்ல குப்பைமேடு 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், சரிந்து 32 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய வருடத்தில் "குப்பைமேட்டால் இறந்தவர்" என்று கணக்கெடுத்திருந்தால் மேடு பத்திரமானது என்றுதான் வந்திருக்கும். ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், வீதியில் இறங்கியும் சொன்னார்கள். அந்தக் குரல் எந்த நிரலிலும் எண்ணப்படவில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்கும் அதே கதைதான். குண்டு வெடித்த இடங்களில் ஒன்றான கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். முன்னெச்சரிக்கை அந்த மாதத் தொடக்கத்திலேயே வந்திருந்தது. தடுக்கத் தவறியது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆகவே நடக்காததை அளக்க முடியாவிட்டாலும் எச்சரிக்கையை அளக்கலாம். எச்சரிக்கை வந்த நாள், அது யார் கைக்குப் போனது, என்ன செய்தார்கள், எத்தனை நாள் எடுத்தது, பதில் இல்லாமல் எத்தனை கிடக்கின்றன. நம் ஒழுங்கையின் அளவிலும் இதைச் செய்யலாம்: தொங்கும் மின்கம்பி, மூடியில்லாத கான், வெடித்த மதில். சொன்ன திகதியையும் சரிசெய்த திகதியையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

"நீங்க இதுல ஒண்ணாவது செஞ்சு பாத்தீங்களா, ஐயா?"

ஒன்று செய்தோம். 110க்கு விளையாட்டுக்கு அடிக்க முடியாது. அதனால் நான்கு பேர் ஒரு ஞாயிறு காலை அளவு நாடாவோடு போய், பிரதான வீதியிலிருந்து கடைசி வீடு வரை ஒழுங்கை எந்தெந்த இடத்தில் எவ்வளவு அகலம் என்று அளந்தோம். மிக ஒடுங்கிய இடம் ஏழாம் இலக்க வீட்டு வாசல். ஒரு பக்கம் ஓட்டோ, மறுபக்கம் எங்கள் சங்கத்தின் அறிவித்தல் பலகை, அதில் தீப் பாதுகாப்பு பற்றிய சுவரொட்டி.

பலகையை அடுத்த நாளே கழற்றிவிட்டோம். ஓட்டோ இன்னும் நிற்கிறது. சொல்லி ஐந்து வாரமாகிறது, கொப்பியில் திகதி இருக்கிறது.